மெஷினுக்கு ஆகாத காற்று

ஓசூர்
24-1-1993

அன்புள்ள மாமாவுக்கு,

முனிலட்சுமி எழுதுவது. பொங்கலுக்குச் சாமல்பட்டி வந்துவிட்டுத் திரும்பியதில் இருந்து எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த ஊர்க் குளிரைத் தவிர. உங்களுக்கு இடுப்புப் பிடிப்பு விட்டதா? ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல் லீவர் இழுக்கும்போது வீராப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டிருக்க மாட்டீர்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி. டெஸ்பாட்ச் ஷெட்டில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த என்னை ஆபீஸ் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஏ.சி. ரூம். உள்ளே போக வேண்டுமானால் செருப்பை வெளியே விட வேண்டும், கோயில் மாதிரி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஆள் உயரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின். தூசி வந்துவிடக் கூடாது என்று இரண்டு ஜன்னலையும் சாத்தி, இடுக்கெல்லாம் கம் பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். சரக்கோடு வெளிநாட்டுக்குப் போகும் காகிதமெல்லாம் இனி என் கையால்தான் அச்சாகும். பிரிண்டரில் இருந்து வரும் தாள் தோசை மாதிரி சூடாக இருக்கிறது. கரண்ட் கம்பியில் பொறி பறந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை ரூம் முழுக்க அடிக்கிறது. எனக்கு அது பிடித்துக்கூடப் போய்விட்டது.

ஆபீஸைப் பெருக்கி டீ கொண்டுவரும் பூவம்மாளை நினைவிருக்கிறதா? புருஷன் விட்டுவிட்டுப் போனவள், இரண்டு பிள்ளைகள். அவள் வாசலில் நின்று, "லட்சுமிம்மா, ஒரு நிமிசம் உள்ள வந்து நின்னுக்கட்டுமா, சில்லுன்னு இருக்குது" என்று கேட்டாள். வா என்றேன்.

ஆகஸ்டில் பர்மனென்ட் லிஸ்ட் வரும். அதில் என் பெயர் இருந்தால் நீங்கள் ஓசூர்ப் பக்கம் மாற்றல் கேட்கலாம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்த நாட்களைக் கைவிரல் கால்விரலை வைத்தே எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடவும். பதில் போடவும்.

உங்கள்
முனிலட்சுமி


சாமல்பட்டி
3-2-1993

ஏ.சி. ரூம் மகாராணிக்கு,

வெயில் ரூம் கங்கப்பன் எழுதிக்கொள்வது. இடுப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது. நீ சௌக்கியமா? குளிருக்கு நான் வாங்கித் தந்த ஸ்வெட்டரைப் போடுகிறாயா, இல்லை நிறம் பிடிக்கவில்லை என்று பெட்டியில் வைத்திருக்கிறாயா?

உன் கடிதத்தை ஸ்டேஷனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. கூட வேலை பார்க்கும் பரமசிவம், "அப்படின்னா உம் பொண்டாட்டி இனிமே மாம்பழக் காலத்துலகூட வேர்க்காம இருக்கும்" என்றார். நான் கிரீஸும் கையுமாக நிற்கிறேன். இனி உன் பக்கத்தில் உட்காரச் செருப்பை மட்டும் விட்டால் போதுமா, குளித்துவிட்டும் வர வேண்டுமா என்று எழுது.

ஆகஸ்ட் வரட்டும். நீ பர்மனென்ட் ஆன மறுநாள் நான் மனுப் போடுகிறேன்.

உன்
கங்கப்பன்


ஓசூர்
8-3-1993

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம். வீட்டுக்கார ரங்கம்மா கஷாயம் வைத்துத் தருகிறாள். அவள் கன்னடத்தில் திட்டிக்கொண்டே கொடுப்பதால் குடிக்காமல் இருக்க முடியாது.

ஆபீஸில் எனக்குப் பெரிய பெயர். பிரிண்டருக்குள் மை கிடையாது மாமா, கறுப்புத் தூள்தான். அது ஒரு டப்பாவில் இருக்கும். தீர்ந்தால் டப்பாவையே தூக்கிப் போட்டுப் புதிது வாங்க வேண்டும். பெங்களூரில் இருந்து சர்வீஸுக்கு வந்தவர், டப்பாவில் சின்ன ஓட்டை போட்டுத் தூளை மட்டும் நிரப்பலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். "சார், நானே நெரப்பறேன்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்க, கம்பெனின்னா இந்தப் பொண்ணு மாதிரி நெனைக்கணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தரையில் பேப்பர் விரித்து, காகிதத்தைச் சுருட்டிப் புனல் செய்து ஊற்றுகிறேன். மாவைவிட நைசாக இருக்கிறது. ஏ.சி. போய்விடும் என்று கதவைத் திறக்கவிட மாட்டார்கள், அதனால் தூள் கொஞ்ச நேரம் ரூமிலேயே சுற்றும். என் மஞ்சள் புடவையில் பட்டுவிட்டது. நான் கெட்டிக்காரி அல்லவா, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்துத் துவைத்தேன். சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்கிற தூளாம் அது. இனி இந்த ஜென்மத்துக்கும் போகாது. உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டுமாம்.

மற்றபடி சுகம். இடுப்புக்குத் தைலம் தேய்க்கவும்.

உங்கள்
முனிலட்சுமி


சாமல்பட்டி
17-3-1993

அன்புள்ள லட்சுமிக்கு,

நான் நலம். ஜலதோஷம் விட்டதா?

உன் கடிதத்தின் ஓரத்தில் கறுப்பாக உன் கட்டைவிரல் பதிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், என் விரலிலும் ஒட்டியது. காகிதம் வரைக்கும் வந்த தூள் உன் மூக்கு வரைக்கும் போகாதா?

என் அப்பா நிலக்கரி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தது உனக்குத் தெரியும். அவர் காறித் துப்பினால் கறுப்பாக வரும். அம்மா அதை மண் போட்டு மூடுவாள், யாரும் எதுவும் பேச மாட்டோம். பேசாமலேயே ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அதனால் கேட்கிறேன். உனக்கு அப்படி வருகிறதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நிரப்பும்போது முகத்தில் துணி கட்டிக்கொள். மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்
கங்கப்பன்


ஓசூர்
25-4-1993

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நாகரசம்பட்டியில் இருந்து அம்மா எழுதியிருந்தாள், இந்த வருஷம் தோப்பில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். பழுத்ததும் உங்களுக்கு ஒரு கூடை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பரமசிவம் அண்ணனுக்கும் கொடுக்கவும்.

ரங்கம்மா வீட்டு ரோஜாச் செடியில் ஒரே நாளில் பதினோரு பூ. மலைக்கோயிலுக்குக் கொடுத்தனுப்பினோம்.

டைப்பிங் வேலை அதிகமாகிவிட்டது. அதனால் தூள் நிரப்புவதைப் பூவம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம்தான். துடைப்பம் தவிர வேறொன்றைக் கையில் கொடுத்தது நான்தான் என்கிறாள். ஆகவே நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இங்கே தண்ணீர்க் கஷ்டம் ஆரம்பித்துவிட்டது. லாரித் தண்ணீர்தான்.

உங்கள்
முனிலட்சுமி


சாமல்பட்டி
20-5-1993

லட்சுமி,

உன்னைப் பார்த்துவிட்டு வந்து நான்கு நாளாகிறது. சொல்லாமல் வந்து நின்றதற்கு மன்னித்துவிடு. ஒரு வார்த்தை கேட்டேன், நீ பதினோரு ரோஜாவை எழுதினாய். அதற்கு மேல் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

மலைக்கோயிலுக்குப் போனோமே, பாதிப் படியில் நீ ஊரைப் பார்ப்பதுபோல் நின்றாய். மறுபடியும் நின்றாய். நான்காவது தடவை நின்றபோது நான் கத்திவிட்டேன். அத்தனை பேர் ஏறி இறங்கும் இடத்தில், "எந்த மயித்து வேலையும் வாணாம், இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வா" என்று சொன்னேன். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாய். பஸ் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொன்ன விதம் தப்பு. உன் வேலையை விடச் சொல்ல நான் யார்? கிருஷ்ணகிரி காலேஜுக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தவள் நீ. ஆனால் பயந்துவிட்டேன் லட்சுமி. பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

டாக்டரிடம் போ. டி.பி.யாக இருக்குமோ என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும். இருந்தால் இருக்கட்டும், மருந்து இருக்கிறது, நான் இருக்கிறேன். பயந்துகொண்டு தெரியாமல் மட்டும் இருக்காதே.

கங்கப்பன்


ஓசூர்
14-6-1993

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தத் தடவை நலம் என்று எழுதப் போவதில்லை. நான் நலமாக இல்லை.

நீங்கள் மார்ச்சில் கேட்டதற்குப் பதில்: ஆமாம். கறுப்பாகத்தான் வந்தது. நிரப்புகிற அன்றும் மறுநாளும் வரும், பிறகு நிற்கும். அப்புறம் இருமல் மட்டும் நிற்கவில்லை. கண் எரிச்சல், மதியம் மூன்று மணிக்கு மேல் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் குறையும், திங்கள் திரும்ப வரும். யாரிடம் சொன்னாலும், "ஏ.சி.ல உக்காந்துகிட்டு உனக்கென்னம்மா" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சளி எடுத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. இல்லை. என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். ஏ.சி. ரூம் என்றதும் அவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு தூளைப் பற்றிச் சொன்னேன். "இந்தத் தூள் என்ன பண்ணும்னு நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கலை. ஆனா உன் மூச்சுக்குழாய்க்கு அது பிடிக்கலை, அது மட்டும் தெரியுது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு, இல்லைன்னா அந்த ரூமை விட்டு வந்துடு" என்றார்.

மேனேஜரிடம் கேட்டேன். "ஏம்மா, ஜன்னலைத் தொறந்தா தூசு வரும். மெஷினுக்குத் தூசு ஆவாது, உனக்குத் தெரியாததா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். பூவம்மாளுக்கு வேலை கற்றுக்கொடுத்தது டைப்பிங் அதிகம் என்பதால் இல்லை. என்னால் முடியவில்லை, அதனால் கொடுத்தேன். இப்போது அவளும் இருமுகிறாள். நான் துணி கட்டிக்கொண்டு நிரப்பினேன், அவளுக்குத் துணி கட்டச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் என்னிடம், "உனக்கு இருமல் எப்படிம்மா இருக்குது?" என்று கேட்கிறாள்.

ஆகஸ்டுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். பல்லைக் கடிப்பது நான் மட்டும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. நீங்கள் பதில் எழுத வேண்டாம். என்ன எழுதினாலும் நான் அழுவேன்.

முனிலட்சுமி


ஓசூர்
4-8-1993

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஹார்லிக்ஸும் இருமல் மருந்தும் பஸ் டிரைவரிடம் இருந்து வாங்கிக்கொண்டேன். உடம்பு தேவலை.

லிஸ்ட் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. என்னைத் திரும்ப டெஸ்பாட்ச் ஷெட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்தான். ஏன் என்று கேட்க வேண்டாம். நம் திட்டம் என்னால் கெட்டது. அதற்கு மட்டும் மன்னிக்கவும்.

மழை நன்றாகப் பெய்கிறது. நீங்கள் நனைய வேண்டாம்.

முனிலட்சுமி


ஓசூர்
9-8-1993

கங்கப்பண்ணனுக்குப் பூவம்மா சொல்லச் சொல்ல எம் மக எழுதறது. அவ ஏழாவது படிக்கிறா, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. நீங்க நல்லா இருக்கீங்களாண்ணா? லட்சுமிம்மா காயிதத்த தபால்ல போடறது நாந்தான், அதனால உங்க விலாசம் தெரியும்.

லட்சுமிம்மா உங்களுக்கு எதுவும் எழுதியிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அதான் நான் எழுதறேன்.

போன மாசம் இருபத்தெட்டாந்தேதி, புதங்கெழம, நான் தூள் நெரப்பிக்கிட்டு இருந்தப்ப மூச்சு அடச்சிருச்சு. பேச்சு வரல, கீழ உக்காந்துட்டேன். லட்சுமிம்மா ஓடியாந்துச்சு. பொட்டிக்கு டேப்பு வெட்டற கத்திய எடுத்து, ஜன்னல்ல ஒட்டியிருந்த காயிதத்தையெல்லாம் சரசரன்னு கிழிச்சு ரெண்டையும் தொறந்து உட்டுச்சு. என்னக் கையப் புடிச்சி ஜன்னலண்ட நிக்க வெச்சுது. காத்து வந்ததும் எனக்கு உசிரு வந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் என்னக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதுல ஜன்னல சாத்த யாருக்கும் நெனப்பு இல்ல. சாயங்காலம் மழ. சாரல் உள்ள அடிச்சி மெஷின் நின்னுபோச்சு. வெளிநாட்டுக்குப் போற காயிதம் ஒரு நாள் லேட்டாயிருச்சு.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சி, "யார் தொறந்தது?"ன்னாரு. நானும் டெம்ப்ரரிதான், என்னத் துரத்துனா எம் பிள்ளைங்களுக்கு சோறு ஏது? லட்சுமிம்மா ரொம்ப நேரம் இருமுச்சு. இருமி முடிச்சிட்டு, "நான்தான் சார். தூள நெரப்பலாம்னு சொன்னதும் நான்தான், அத இவ கையில குடுத்ததும் நான்தான். இனிமே இவ நெரப்ப மாட்டா"ன்னு சொல்லுச்சு. லிஸ்ட்ல பேரு போனது அதனாலதான்.

கடசியா ஒண்ணு கேளுங்க. மெஷின ரிப்பேர் பண்ண வந்த பெங்களூரு ஆளு, மூடுன ரூமுல தூளு சுத்துனா மெஷினுக்கே கெடுதல்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டே நாள்ல காத்த வெளிய தள்ளற ஃபேனு மாட்டிட்டாங்க. தூளு நெரப்பறதும் நின்னுபோச்சு, இப்ப புது டப்பாதான் வருது. எனக்கு மூச்சு பரவால்ல.

லட்சுமிம்மாவத் திட்டாதீங்கண்ணா. அது எனக்குக் கூடப் பொறந்ததுக்கு மேல.

பூவம்மா


சாமல்பட்டி
16-8-1993

என் லட்சுமிக்கு,

பூவம்மாள் கடிதம் வந்தது. ஏன் என்று கேட்க வேண்டாம் என்றாயே, கேட்காமலே தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனில் இந்தக் கடிதத்தையும் எல்லோருக்கும் படித்தேன். இந்தத் தடவை எந்தப் பத்தியையும் விடவில்லை. பரமசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தத் தெய்வத்துக்குடா வேண்டிக்கிட்ட, இப்படி ஒருத்தி கெடைக்க?" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ பர்மனென்ட் ஆனதும் மாற்றல் கேட்கிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொன்னேன். உண்மை அதுவல்ல. சொந்த விருப்பத்தில் மாற்றல் கேட்டால் என் சீனியாரிட்டி போய்விடும், எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கீழே நிற்க வேண்டும். அதற்குப் பயந்தேன். உன் லிஸ்ட்டை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் பயத்துக்காகவும்தான் நீ அந்த ரூமில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இன்று காலை மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆர்டர் வர எத்தனை மாதமாகுமோ தெரியாது. வரும்.

மருந்தை நிறுத்தாதே.

உன்
கங்கப்பன்


ஓசூர்
22-8-1993

மாமா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. ரங்கம்மா என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள்.

பூவம்மாள் எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் அல்ல, யாருக்கும் தெரியாது.

யார் திறந்தது என்று மேனேஜர் கேட்டதும் எனக்கு முதலில் வாயில் வந்தது அவள் பெயர்தான். லிஸ்ட், உங்கள் மாற்றல், நம் வீடு, எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தது. அவள் பெருக்குகிறவள், அவள் திறந்தாள் என்றால் உடனே நம்புவார்கள். "பூ" என்று ஆரம்பித்துவிட்டேன் மாமா. உதடு குவிந்துவிட்டது. அதற்குள் இருமல் வந்தது. வாழ்க்கையில் அப்படி இருமியதில்லை. குனிந்து இருமும்போது பக்கத்தில் அவள் பாதம் தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது என்னால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை, என் பெயரைச் சொன்னேன்.

இருமல் வந்திருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் தினமும் எனக்கு டம்ளர் நிறைய டீ கொண்டுவந்து தருகிறாள். என்னால் விழுங்க முடியவில்லை.

நீங்கள் பெருமைப்படுகிற ஆள் நான் இல்லை. இது தெரியாமல் நீங்கள் சீனியாரிட்டியை இழக்கக் கூடாது என்று எழுதுகிறேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

முனிலட்சுமி


சாமல்பட்டி
28-8-1993

லட்சுமி,

நேற்று மதியம் கடிதம் கிடைத்தது. இதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

மனு மேலே போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா என்று நான் கேட்கவும் இல்லை.

கோபமா என்றால், இல்லை. நீ "பூ" என்று தொடங்கினாய். நான் இரண்டு வருஷம் உன் லிஸ்ட்டைக் காட்டித் தப்பித்தேன், எனக்கு நடுவில் ஓர் இருமல்கூட வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சரியாகத்தான் அமைந்திருக்கிறோம்.

அடுத்த வாரம் ஞாயிறு காலை பஸ்ஸில் ஓசூர் வருகிறேன். உன் அம்மா அனுப்பிய மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி இருக்கிறது, பூவம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். அவளிடம் சொல் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லாதே என்றும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நீ சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன்
கங்கப்பன்